பத்தொன்பது பார்வைகளும் பதினான்காம் இலக்க வீடும்

பதுளையில் இருந்த மண்சரிவுக் குடியமர்வு அலுவலகத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தால் அது ஒன்றாக வராது, பத்தொன்பதாக வரும்.

புதிதாக வாங்கிய கணினி நாட்காட்டியின் மகிமை அது. ஒரே மாதத்தை நாளாகப் பார்க்கலாம், வாரமாகப் பார்க்கலாம், பட்டியலாகப் பார்க்கலாம், நிறம் நிறமாகப் பிரித்தும் பார்க்கலாம். ஒவ்வொரு விதத்துக்கும் 'பார்வை' என்று பெயர். அவரவர் பார்வையை அவரவர் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம் என்று கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் வந்து இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார். அலுவலகத்தில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். அவர் போன பிறகு ஒரு மாதமாக அங்கே யாரும் வேலையே செய்யவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டது அபாண்டம். எல்லோரும் நிறம் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முன்பு நப்லா என்கிற எழுதுவினைஞர், யார் எப்போது வரவேண்டும் என்று ஒரு நீலக் கொப்பியில் எழுதி வைத்து, வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கொப்பியை நாடாவால் கட்டி, மாலை போட்டு, அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பணிப்பாளர் ஜெயராசா அன்றைக்கு நாற்பது நிமிடம் பேசினார்.

"இன்று முதல் இந்த அலுவலகத்தில் எந்தப் பொதுமகனும் தவறவிடப்பட மாட்டான். முன்பெல்லாம் ஒருவரைத் தவறவிட ஒரு எழுதுவினைஞர் போதும். இனிமேல் அதற்குப் பத்தொன்பது பேர் ஒற்றுமையாக உழைக்க வேண்டும்!"

நல்ல கைதட்டல். அந்த வாரம்தான் கனகத்தின் சுவர் வெடித்தது.

கனகம் லுணுகலைக்கு மேலே செங்கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறையில், அவளும் பதின்மூன்று வயது மகள் கம்சலாவும் இருந்தார்கள். மலைப்பக்கத்துச் சுவரில் விழுந்த வெடிப்புக்குள் வைகாசியில் ஒரு தீக்குச்சி போனது. ஆவணியில் கம்சலாவின் பள்ளிக்கூட அடிமட்டம் போனது. பொறியியலாளர்கள் வந்து பார்த்து, சுவரில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, மழைக்கு முன்னால் வெளியேற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வெளியேறுவதற்கு இடமும் இருந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், அசையாத மேட்டில், இருபது புது வீடுகள் கட்டி முடித்துக் கதவைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். பதினான்காம் இலக்க வீடு கனகத்தின் பெயரில் பட்டியலில் இருந்தது.

அப்படியானால் போயிருக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் அலுவலகம் என்றால் என்னவென்று தெரியாதவர்கள். வீட்டுக்குள் கால் வைக்க முன்பு பதுளைக்குப் போய் நேர்முக விசாரணைக்கு முகம் கொடுக்க வேண்டும். விசாரணையில் மூன்று கேள்வி. நான்கு நிமிட வேலை. அந்த நான்கு நிமிடத்துக்குத்தான் திகதி வேண்டும்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய், காலை பத்தரை மணி என்று கனகத்தின் போனுக்கு அறிவித்தல் வந்தது. அன்றைக்குப் பெரட்டுக்குப் போகாமல், அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற இடத்துக்குப் போகாமல், முதல் பஸ்ஸைப் பிடித்துப் பசறை வளைவுகளிலெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

நப்லா திரையைப் பார்த்தாள். "இருக்கிறீங்க. செவ்வாய், பத்தரை. வடிவா இருக்கிறீங்க."

"அப்ப உள்ள போகவாங்க, மிஸ்?"

"என்ட பார்வையிலதான் இருக்கிறீங்க. விசாரிக்கிறது ஸியாம் சேர். அவர்ட பார்வையில நீங்க இருக்கோணுமே."

ஸியாம் விசாரணை உத்தியோகத்தர். மெலிந்தவர், நல்லவர், யாரையும் கடிந்து பேசாதவர். அவர் தன் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, ஆளில்லாத வீட்டில் எட்டிப் பார்த்தவர் மாதிரித் திரும்பினார்.

"உறுதி செஞ்சவங்க மட்டும் தெரியிற மாதிரி வச்சிருக்கிறன் அம்மா. நீங்க இன்னும் தற்காலிகம். நப்லாட திரையில பாருங்க, உங்கட பேருக்கு மேல சரிவாக் கோடு போட்டிருக்குதானே?"

"எங்க சுவத்துலயுந்தாங்க கோடு போட்டிருக்கு, சிவப்புல."

"அது வேற திணைக்களம்."

உறுதி செய்ய வேண்டியவர் பணிப்பாளர். அவரைப் பார்க்க அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். கனகம் மாலையில் வீடு திரும்பியபோது கம்சலா கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டிருந்தாள்.

"என்னாம்மா, சாவி குடுத்தாங்களா?"

"நான் தற்காலிகமாம்."

"அப்ப சுவரு?"

கனகம் இரவெல்லாம் அந்தச் சுவரின் பக்கமாகவே முகத்தை வைத்துப் படுத்திருந்தாள். திரும்பிப் படுத்தால் அது விழுந்துவிடும் போல ஒரு எண்ணம்.

அடுத்த வாரம் பணிப்பாளரின் அறைக்குள் அவளை விட்டார்கள். சுவர் முழுக்கப் பெரிய திரை, திரை முழுக்க மாதம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் மூன்று வரி. போன செவ்வாயின் கட்டத்தில் 'பணிப்பாளர் வாகனம் கழுவுதல்', 'நாட்காட்டிப் பயிற்சி (மீண்டும்)', 'தேநீர்' என்று இருந்தது. அதற்குக் கீழே கடுகு போல 'மேலும் 8' என்று ஓர் எழுத்து.

"உங்கள் பெயர் இல்லையே அம்மா."

"அந்த மேலும் எட்டுல இருப்பேங்க. ஒரு தடவ அதை அமுக்கிப் பாருங்க, சார்."

பணிப்பாளர் நாற்காலியைத் திருப்பி அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"நான் மாதத்தைப் பார்க்கிறவன். அதை அமுக்கினால் நாள் வந்துவிடும். ஒரு பணிப்பாளர் நாளில் இறங்கினால், மாதத்தை யார் பார்ப்பது? போன மாதம் தெரியாமல் கை பட்டுவிட்டது. மாதத்துக்குத் திருப்பி வைக்கத் தெரிந்த ஸியாம் லீவு. மூன்று நாள் நான் ஒரு புதன்கிழமைக்குள்ளேயே இருந்தேன். அந்த அனுபவம் எதிரிக்கும் வேண்டாம்."

கனகம் திரைக்குப் பக்கத்தில் போய் அந்தச் சின்ன எழுத்தைப் பார்த்தாள். தொட்டால் என்ன என்று விரல் துடித்தது. கதவோரம் நின்ற காவலாளி இருமினார். விரலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"உறுதி செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார் பணிப்பாளர். "ஆனால் உறுதியான நிகழ்வுக்கு நிறம் வேண்டும். மண்சரிவுக்குச் சிவப்பு என்று நினைத்திருந்தோம். சிவப்பைப் பிரமுகர் வருகைக்குக் கொடுத்தாகிவிட்டது. பிரமுகர் வரும்போது மண்சரிவு என்று தெரிந்தால் நன்றாக இருக்குமா? குழு போட்டிருக்கிறேன்."

குழுவின் கூட்டத்துக்குக் கனகத்தையும் அழைத்தார்கள், பாதிக்கப்பட்டோர் பிரதிநிதியாக. அந்தக் கூட்டம் மட்டும் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது. தேநீரும் ரோல்ஸும் கொடுத்தார்கள். செம்மஞ்சளா இளஞ்சிவப்பா என்று இரண்டு மணித்தியாலம் வாதம் நடந்தது. செம்மஞ்சள் பதற்றத்தை உண்டாக்கும் என்றார் ஒருவர். இளஞ்சிவப்பு போதுமான பதற்றத்தை உண்டாக்காது என்றார் இன்னொருவர். கடைசியில் பணிப்பாளர் கனகத்தின் பக்கம் திரும்பினார்.

"நாங்கள் மக்களைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை. தங்கச்சி, மண்சரிவு என்றால் உங்கள் மனதில் என்ன நிறம் வருகிறது?"

எல்லோரும் பேனாவைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"இப்ப வெடிப்புக்குள்ள என் கை போகுதுங்க, சார்" என்றாள் கனகம். "மணிக்கட்டு வரைக்கும்."

பேனாக்கள் இறங்கின. கூட்டக் குறிப்பில் 'பிரதிநிதி நிறம் பற்றிக் கருத்துக் கூறவில்லை' என்று எழுதினார்கள். மண்சரிவுக்கு வெளிர் சாம்பல் கிடைத்தது. திரையின் பின்னணியும் வெளிர் சாம்பல்தான் என்று நப்லா மெல்லச் சொன்னாள். அது அடுத்த கூட்டத்துக்குரிய விடயம் என்று சொல்லிவிட்டார்கள்.

படிக்கட்டில் ஸியாம் அவளைத் தனியே மறித்தார். அவருடைய முகத்தில் கூச்சம் இருந்தது.

"அம்மா, நான் ஒரு வேலை செய்யுறன். நேரம் போட்டாத்தானே நீங்க கட்டத்துக்குள்ள மறையிறீங்க. நேரமே போடாம, 'நாள் முழுவதும்' எண்டு போட்டா அது எல்லாத்துக்கும் மேல பட்டியா நிக்கும். தினமும் திரும்ப வாற மாதிரியும் வைக்கிறன். முடிவுத் திகதி போடயில்ல. அப்ப எந்தப் பார்வையிலயும் உங்களத் தவற விட ஏலாது."

அவர் உட்கார்ந்து, நாட்காட்டி கேட்ட விபரங்களில் ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடாமல் கவனமாக நிரப்பினார். 'மேலும் எட்டு'க்குள் கனகத்தோடு மறைந்திருந்த மற்ற ஏழு குடும்பங்களுக்கும் அப்படியே செய்து கொடுத்தார். எல்லோரும் செங்கல்லுமலைக்காரர்கள்தான். அன்று மாலையே போன்களுக்கு அறிவித்தல் போனது: 'நேர்முக விசாரணை. நாள் முழுவதும். தினமும்.'

இதை வேறு ஆட்கள் எப்படி விளங்கிக்கொண்டிருப்பார்களோ தெரியாது. தோட்டத்து ஆட்கள் ஒரே மாதிரித்தான் விளங்கிக்கொண்டார்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வார்கள். காலையில் பெரட்டில் நின்று, பொழுது சாயும்வரை மலையில் இருந்தால்தான் முழுப் பேர். நடுவில் இறங்கி வந்தால் அரைப் பேர். நாள் முழுவதும் என்றால் முழுப் பேர் என்று பொருள். பாதியில் திரும்பிப் போய், அப்புறம் பாதி வீடுதான் என்று சொல்லிவிட்டால்?

அப்படியாக, மறுநாள் காலை அலுவலகம் திறக்க முன்பே கனகமும் மற்ற ஏழு பேரும் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. ஒருவர் கழிப்பறைக்குப் போனால் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிவிட்டுப் போனார். உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. நேரம் போட்ட நிகழ்வுக்குத்தான் மணி அடிக்கும், மணி அடித்தால்தான் கூப்பிடுவார்கள். நாள் முழுவதும் நடக்கிற நிகழ்வுக்கு எப்போது மணி அடிப்பது என்று நாட்காட்டிக்கே தெரியவில்லை. நாலே காலுக்கு அலுவலகத்தைப் பூட்டினார்கள். எட்டுப் பேரும் அதற்குப் பிறகும் ஐந்து நிமிடம் நின்று, பேர் விழுந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

இரண்டாம் நாள் பணிப்பாளர் யன்னலால் பார்த்தார்.

"யார் இவர்கள்? மறியல் போராட்டமா?"

"இல்ல சேர். நிகழ்வு" என்றாள் நப்லா.

பணிப்பாளர் திரையை நிமிர்ந்து பார்த்தார். மாதத்தின் மேலே எட்டுப் பட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடின. முற்றத்திலும் எட்டுப் பேர். திரையில் இருப்பது வெளியிலும் இருப்பதை அவர் முதன்முறையாகக் காண்கிறார். நெகிழ்ந்துபோய், யன்னலோடு சேர்த்து ஒரு படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் மழை தொடங்கியது.

அது பதுளையில் தூறல்தான். ஆனால் லுணுகலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. கனகத்துக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. வரிசையில் நின்றபடியே குதிகாலை மாற்றி மாற்றித் தூக்கினாள். மத்தியானம் கம்சலா பக்கத்துக் காம்பரா போனிலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, சுவத்துல இருந்து மண்ணு கொட்டுது. சோத்துப் பானைக்குள்ளயும் விழுந்திருச்சு."

"நீ வெளிய வா புள்ள. அந்தப் பக்கம் போகாத. சின்னப் புள்ளைங்களப் பாத்துக்கிற புள்ளக் காம்பரால போயி இரு, நான் வர்றேன்."

வர்றேன் என்று சொல்லிவிட்டாள். இறங்கினால் அரைப் பேர். நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அலுவலகத்துக்கு எதிரே லத்தீப் நானாவின் போட்டோகொப்பிக் கடை இருந்தது. வரிசையில் சொல்லிவிட்டு அங்கே ஓடி, போனை நீட்டினாள்.

"நானா, இதுல எத்தன மணிக்குக் கூப்பிடுவாங்கன்னு எங்கயாவது போட்டிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

லத்தீப் நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறிவித்தலை விரலால் மேலே தள்ளினார். கனகம் அதுவரை முதல் வரியைத் தாண்டிப் போனதில்லை. தினமும் காலையில் திரையின் மேலே எட்டிப் பார்க்கிற துண்டை மட்டும்தான் வாசித்திருந்தாள்.

"நேரம் ஒண்டும் இல்ல. ஆனா இடம் போட்டீக்கி." அவர் நிறுத்தினார். திரும்ப ஒருமுறை வாசித்தார். "புள்ள, ஒங்கள யாரு இங்க வரச் சொன்ன?"

"ஏங்க?"

"இடம்: வீட்டு இலக்கம் பதினாலு, புதிய குடியிருப்பு, செங்கல்லுமலை. இதத்தான் போட்டீக்கி. விசாரண அங்க. நாள் முழுக்க. ஒவ்வொரு நாளும்."

ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடாத ஸியாம், இடம் என்று கேட்ட கட்டத்தில் எந்த வீட்டுக்கான விசாரணையோ அந்த வீட்டை எழுதியிருந்தார்.

"அப்ப இங்க நின்னது?"

"அது சும்மா நிண்டது. இந்தப் படிக்குப் பாத்தா நீங்க மூணு நாளும் வரவே இல்ல."

சட்டம் பேசவோ, அலுவலகத்தை மடக்கவோ கனகத்துக்குத் தோன்றவில்லை. மூன்று நாள் பேர் இல்லை என்பது மட்டும்தான் தோன்றியது. முற்றத்துக்கு ஓடினாள்.

"ஏய், எல்லாரும் வாங்க! நாம தப்பான மலையில நிக்கிறோம்!"

எட்டுப் பேரும் பஸ் நிலையத்துக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள், அலுவலகத்துக்குத் தீ வைத்துவிட்டு ஓடுகிறார்கள் என்றுதான் நினைத்தார்கள்.

அன்று பொழுது சாய முன்பே புதிய குடியிருப்பில் எட்டுக் கதவுகளின் கம்பிகள் அவிழ்க்கப்பட்டன. கனகம் பதினான்காம் இலக்க வீட்டுக்குள் முதலில் தயங்கித்தான் கால் வைத்தாள். விசாரணைக்கு வந்த இடத்தில் பாயை விரிக்கலாமா என்று தெரியவில்லை. ஆனால் நாள் முழுவதும் இருக்க வேண்டிய இடத்தில் சாப்பிடாமல் எப்படி இருப்பது? பானையைக் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை எங்கே வருவாள்? கம்சலாவையும் புத்தகங்களையும் கொண்டுவந்தாள். தினமும் என்று போட்டிருப்பதால் கட்டிலையும் கொண்டுவர வேண்டியதாயிற்று. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டுக் கம்சலா அந்தச் சுவரை மேலிருந்து கீழே கையால் தடவிப் பார்த்தாள்.

"என்னாடி தேடுற?"

"ஒண்ணுமில்லம்மா. ஒண்ணுமே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. லொறியிலிருந்து கல் கொட்டுவது போல நீளமான சத்தம். லயத்தின் கடைசி மூன்று காம்பராக்கள் இருந்த இடத்தில் ஈரமான செம்மண் இருந்தது. உள்ளே யாரும் இருக்கவில்லை. கனகம் வாசலில் நின்று பார்த்தாள். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து வற்றும்வரை அங்கேயே நின்றாள்.

செவ்வாய்க்கிழமை ஸியாம் வந்தார். கையில் குடை, மறு கையில் டெப் கணினி. மேட்டில் ஏறி வந்த களைப்பில் வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

"அம்மா, உங்களை வெளியேத்திட்டு வரச் சொல்லியிருக்கிறாங்க. சாவி குடுக்க முன்ன உள்ள வந்திட்டீங்களாம்."

"நான் விசாரணைக்குத்தாங்க வந்திருக்கேன்." போனை நீட்டினாள். "வெள்ளிக்கிழம பொழுது சாயத்தான் வந்தேன். அதுக்கு வேணும்னா அரைப் பேர் போட்டுக்குங்க."

ஸியாம் இடம் என்ற வரியை வாசித்தார். அது தானே எழுதியது என்று அவருக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. தலையைச் சொறிந்துகொண்டு பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"லயம் விழுந்தது சாருக்குத் தெரியுங்களா?" என்று கனகம் கேட்டாள்.

"எனக்குத் தெரியும். அலுவலகத்துக்குத் தெரியாது. விழுந்தது ஞாயிறு. எங்கட நாட்காட்டியில வேலை நாள் மட்டுந்தான் காட்டுற மாதிரி இப்ப வச்சிருக்கு. சனி ஞாயிறு கிடையாது. எழுத இடமில்ல. திங்கள் விழுந்ததா எழுதுவமா எண்டு கேட்டன். திங்கள் நிரம்பிப்போச்சு, முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே எண்டாரு பணிப்பாளர்."

பிறகு, வந்ததே வந்தோம் என்று படிவத்தை எடுத்தார். நாலு நிமிட வேலைதானே. கனகம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நேராக நின்றாள்.

"பெயர்?"

"கனகம்."

"இரண்டாவது. மண்சரிவு அபாயமுள்ள சுவர் இப்போது உங்கள் வீட்டில் உள்ளதா?"

"இல்லைங்க. விழுந்திருச்சே."

ஸியாமின் விரல் நின்றது. படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். விழுந்துவிட்ட சுவரால் இனி அபாயம் இல்லை. 'இல்லை'யைத் தொட்டார். டெப் சிறிதாக முனகிவிட்டு, விண்ணப்பதாரி தகுதியற்றவர், நிகழ்வை நீக்கவும் என்றது. ஸியாம் நீக்கலைத் தொட்டார். இன்னொரு கேள்வி வந்தது. அதைச் சத்தமாக வாசித்தார்.

"இன்றைய நிகழ்வை மட்டும் நீக்கவா? இனி வரும் எல்லாவற்றையும் நீக்கவா?"

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. மழைக்குப் பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் உள்ளே இருந்த கம்சலா கட்டிலில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, எழுதாமல், அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கனகமும் அதைத்தான் பார்த்தாள். ஸியாம் குடையைக் கீழே வைத்தார். செம்மண் கிடந்த பக்கத்தை இன்னொரு முறை பார்த்தார்.

"இன்டைக்கு மட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தொட்டார்.

"அப்படின்னா என்னாங்க?"

"இன்டைக்கு விசாரணை இல்ல. நாளைக்கு இருக்கு. நாளண்டைக்கும் இருக்கு. அதுக்குப் பிறகும் இருக்கு. முடிவுத் திகதிதான் போடயில்லையே."

கனகம் வானத்தைப் பார்த்தாள். பதினொன்றரை இருக்கும். "அப்ப இன்னைக்கு நான் இங்க இருக்கணும்னு இல்ல?"

"இல்ல."

"புள்ள, கூடைய எடு" என்று உள்ளே குரல் கொடுத்தாள். "பகல் கொழுந்து நிறுக்கிறதுக்குள்ள மலைக்குப் போனா அரைப் பேராவது விழும். கதவ நல்லாச் சாத்திக்க."

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு படியில் இறங்கியவள், நனைந்துகொண்டு நின்ற ஸியாமைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார் மழை விடுறவரைக்கும் உள்ள உக்காருங்க. புள்ள தேத்தண்ணி ஊத்திக் குடுப்பா. ஆனா நேரத்தோட கெளம்பிருங்க, நாள் முழுக்க இருந்தீங்கன்னா உங்க பேர எழுதிருவாங்க."